மிகப் பழைய படத்தில் தொடங்காதீர்கள்: குடும்பப் படங்களை வீட்டிலேயே ஸ்கேன் செய்ய ஒரு விளக்கம்

ஸ்கேனர் பெட்டியின் மேல் 4800 என்றும் 9600 என்றும் எண்கள் அச்சிட்டிருக்கின்றன. செல்போன் செயலி ஒன்று, மங்கிப்போன முகத்தை நொடியில் தெளிவாக்கித் தருவதாகச் சொல்கிறது. பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் குடும்பங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏராளம். பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது சுவரில் தொங்கும் மிகப் பழைய படத்தில்தான். தாத்தா நாற்காலியில் அமர்ந்திருப்பார், பாட்டி பக்கத்தில் நிற்பார், கறுப்பு வெள்ளையில்.

அந்த வரிசை தவறு. பெட்டிக்குள் இருப்பவற்றில் எது சீக்கிரம் அழியப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி. அது பெரும்பாலும் தாத்தா படமாக இருக்காது. 1980களில் எடுத்த வண்ணப் படமாகவே இருக்கும். ஏன் என்று புரிந்துகொள்ள, புகைப்படம் எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தாளின் மேல் இருப்பது என்ன?

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் அடியில் தாள். அதன் மேல் வெண்மைக்காகப் பூசிய பேரியம் சல்பேட். அதற்கும் மேலே ஜெலட்டின் படலம். இந்தப் படலத்துக்குள்தான் வெள்ளித் துகள்கள் பதிந்திருக்கின்றன. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவது அசல் வெள்ளி உலோகம். மிக நுண்ணிய துகளாக இருப்பதால் கறுத்துத் தெரிகிறது. உலோகம் என்பதால் நீடித்து நிற்கிறது. படம் கழுவியவர், படத்தை நிலைநிறுத்தும் ரசாயனமான ஹைப்போ கரைசலைக் கடைசியில் நல்ல தண்ணீரில் முழுமையாக அலசி எடுத்திருந்தால், நூறு வருடத்துக்குப் பிறகும் முகம் முகமாகவே இருக்கும். அரைகுறையாக அலசிய படம்தான் மஞ்சளித்துப் பழுப்பாகிறது.

வண்ணப் படத்தில் இந்த வெள்ளி கிடையாது. கழுவும்போதே அதை வெளியேற்றிவிடுகிறார்கள். எஞ்சுவது மூன்று சாயங்கள்: நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள். மூன்றும் கரிமச் சேர்மங்கள். வெயில் பட்டால் சிதையும். ஆல்பத்துக்குள் இருட்டில் பத்திரமாக இருந்தாலும், வெப்பத்திலும் ஈரத்திலும் மெல்லச் சிதையும். 1970களிலும் 80களிலும் வந்த பல வண்ணத் தாள்களில் இருட்டுக்குள் முதலில் போவது நீலப்பச்சை. அதனால்தான் அக்காலத்துத் திருமண ஆல்பத்தைத் திறந்தால் மணமேடை, வாழைமரம், பட்டுவேட்டி எல்லாமே செங்கல் நிறத்தில் தெரிகின்றன. வெளிச்சமே படாமல் பூட்டி வைத்தோமே, எப்படி வெளுத்தது என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

இரண்டு வகைப் படங்களுக்கும் பொதுவானது ஜெலட்டின். விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் புரதம் அது. ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும், பூஞ்சைக்கு நல்ல உணவு.

இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம்

தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் தொடங்கும் ஈரம் சிறு இடைவெளிகளோடு டிசம்பர் வரை நீள்கிறது. குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை முளைக்கும் சூழல் வந்துவிடும். இங்கே மழைமாதங்களில் அது சாதாரணம்.

சுவரில் தொங்கும் சட்டமிட்ட படத்துக்கு இன்னோர் ஆபத்து உண்டு. சுவரின் ஓதம் சட்டத்தின் பின்பக்க அட்டை வழியாக ஏறி, ஜெலட்டினை உப்ப வைத்து, முன்னால் அழுத்திக்கொண்டிருக்கும் கண்ணாடியோடு ஒட்டவைத்துவிடுகிறது. பக்கவாட்டில் பார்த்தால் ஒட்டிய இடம் மட்டும் நனைந்த திட்டுப்போலப் பளபளக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் பிரிக்க முயலவே கூடாது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு வரும், கையில் வெறும் தாள் மிஞ்சும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவும் கிடைக்கிறது. ஆல்பங்களைப் பிரித்துப் பரப்பும் வேலையை ஜனவரி முதல் மார்ச் வரையிலான காய்ந்த மாதங்களில் வைத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் எந்த வரிசை?

1. முதலில், படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய மூத்தவர். இது ஸ்கேனர் சம்பந்தப்பட்டதல்ல என்று தோன்றலாம். ஆனால் பெயர் தெரியாத நாற்பது முகங்களை எவ்வளவு துல்லியமாக ஸ்கேன் செய்தாலும் அவை அந்நிய முகங்களே. எண்பது வயதுப் பெரியம்மாவிடம் உட்கார்ந்து கேட்பதை ஸ்கேனர் வாங்கும்வரை தள்ளிப்போடக் கூடாது.

2. அடுத்து, பசை ஆல்பம். பசை பூசிய அட்டையில் படத்தை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடும் வகை. அந்தப் பசை வருடங்கள் செல்லச் செல்ல இறுகிப் படத்தின் முதுகைக் கவ்விக்கொள்கிறது. மெல்லிய நைலான் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் செலுத்தி, ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக இழுத்தால் சில படங்கள் கழன்று வரும். வராதவற்றை வற்புறுத்த வேண்டாம். பிளாஸ்டிக்கை விலக்கிவிட்டுப் பக்கத்தை அப்படியே ஸ்கேனரில் கவிழ்க்கலாம்.

3. பூஞ்சை பிடித்தவை. இவற்றை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, நிழலில் காற்றோட்டமாக உலரவிட வேண்டும். வெயிலில் வைத்தால் சுருண்டு வெடிக்கும். ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சையோடு படமும் துடைபட்டுப் போகும், ஏனெனில் பூஞ்சை தின்ற இடத்தில் ஜெலட்டின் நீரில் கரையும் நிலையில் இருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம். இவற்றுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கி, முடிந்ததும் ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்துவிட வேண்டும்.

4. பிறகு வண்ணப் படங்கள். இந்த மாவட்டத்தின் பல வீடுகளில் இது பெரிய குவியல். வளைகுடா வேலைக்குப் போனவர்கள் கடிதத்தோடு அனுப்பியவையும், இங்கிருந்து அவர்களுக்கு அனுப்ப எடுத்தவையும் இதில் அடக்கம்.

5. நெகட்டிவ்கள். கடை உறைக்குள் கிடக்கும் இந்தச் சுருள் துண்டுகளைக் குப்பை என்று எறிந்துவிடுகிறார்கள், வருத்தமான தவறு. அச்சிட்ட படத்தைவிட அதிக விவரம் நெகட்டிவில்தான் இருக்கிறது. உறையைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்த அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்ற நெகட்டிவ்களிடமிருந்து விலக்கி வைத்து முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும்.

6. கடைசியில், நல்ல நிலையில் உள்ள கறுப்பு வெள்ளைப் படங்கள். தாத்தா காத்திருப்பார்.

டிபிஐ: பெட்டியில் அச்சிட்ட எண்ணும் உண்மையான தேவையும்

ஓர் அங்குல நீளத்தை ஸ்கேனர் எத்தனை புள்ளிகளாகப் பிரித்துப் பார்க்கிறது என்பதே டிபிஐ. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்சல். நான்குக்கு ஆறு அங்குலப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

300 டிபிஐயில் அது 1200க்கு 1800 பிக்சல், அதாவது சுமார் 22 லட்சம். அதே அளவில் மறுபடி அச்சிட இது போதும், பெரிதாக்கப் போதாது. 600இல் 2400க்கு 3600, சுமார் 86 லட்சம் பிக்சல். சுருக்காத கோப்பு ஏறத்தாழ 26 எம்பி. இரு மடங்கு பெரிதாக அச்சிடலாம். 1200இல் கோப்பு 100 எம்பியைத் தாண்டும். 9600 என்று பெட்டி சொல்வதை நம்பி அந்த அளவில் வைத்தால், ஒரே படம் ஆறரை ஜிபிக்கு மேல் போய்விடும்.

இவ்வளவு பெரிய கோப்பில் கூடுதலாக என்ன கிடைக்கும்? காகிதத்தில் அச்சிட்ட சாதாரணப் படத்தில் 600க்கு மேல் பெரும்பாலும் புதிய விவரம் எதுவும் இல்லை. தாளின் நாரும் தூசியும்தான் பெரிதாகத் தெரியும். மேலும் பெட்டியின் பெரிய எண் பல நேரங்களில் மென்பொருள் இட்டு நிரப்பும் கணக்கு. பார்க்க வேண்டிய எண், ஒளியியல் அளவு என்று தனியே குறித்திருப்பது. இரண்டு பிக்சல்களுக்கு நடுவே மூன்றாவதை மென்பொருள் ஊகித்து வைப்பதால் முகத்தில் ஒரு புருவமுடிகூடக் கூடுதலாகத் தெரியாது.

விதிவிலக்கு இரண்டு. முதலாவது, பாஸ்போர்ட் அளவுப் படம். ஒருவரின் ஒரே படமாக அது மட்டுமே மிஞ்சியிருக்கும் குடும்பங்கள் உண்டு. 600இல் அது சுமார் 830க்கு 1060 பிக்சல்தான் வரும். 1200இல் வைப்பது நியாயம். இரண்டாவது, நெகட்டிவ். 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு கட்டம் 24க்கு 36 மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய பரப்பில் முழுப் படமும் அடங்கியிருப்பதால் 3200 டிபிஐ தேவை. சுமார் 1 கோடியே 37 லட்சம் பிக்சல் கிடைக்கும். நெகட்டிவை அதன் ஊடாக ஒளி பாய்ச்சும் வசதியுள்ள ஸ்கேனரில்தான் எடுக்க முடியும். அத்தகைய ஸ்கேனர்களில் அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும் வசதி இருந்தால், வண்ண நெகட்டிவுக்கு மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இருக்கும் வெள்ளியே அந்தக் கதிரை மறிப்பதால், படத்தையே தூசி என்று கருவி எண்ணிவிடும்.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண முறையில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். வீண் வேலைபோலத் தோன்றினாலும் காரணம் வலுவானது. ஸ்கேனர் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தளங்களாகப் பதிவு செய்கிறது. மஞ்சள் கறையும் தேநீர்க் கறையும் நீலத் தளத்தில் அழுத்தமாகவும் சிவப்புத் தளத்தில் மிக லேசாகவும் விழும். பின்னாளில் சிவப்புத் தளத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கறை பெருமளவு மறைந்துவிடும். சாம்பல் முறையில் ஸ்கேன் செய்துவிட்டால் இந்த வழி நிரந்தரமாக அடைபட்டுப்போகும். தானாகத் திருத்தும், கூர்மையாக்கும், நிறம் கூட்டும் பொத்தான்கள் அனைத்தையும் இந்தக் கட்டத்தில் அணைத்துவிடுவது அவசியம்.

ஸ்கேனரா, செல்போனா?

தட்டையான ஸ்கேனர்களில் இரண்டு வகை உண்டு. மெல்லியதாக, எடை குறைவாக இருப்பவை பெரும்பாலும் சிஐஎஸ் வகை. கண்ணாடியோடு ஒட்டியிருப்பதை மட்டுமே தெளிவாகப் பார்க்கும். சற்றுத் தடித்த சிசிடி வகை, கண்ணாடியிலிருந்து சில மில்லிமீட்டர் விலகியிருப்பதையும் தெளிவாகப் படிக்கும். வளைந்த படம், அட்டையில் ஒட்டிய ஸ்டுடியோ படம், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படம் ஆகியவற்றுக்கு சிசிடியே சரி. சிறு ஆல்பம் மட்டும் இருக்கும் வீட்டுக்கு எதுவானாலும் போதும். தாளை உள்ளே இழுத்துக்கொள்ளும் கருவியில் மட்டும் பழைய படத்தைச் செலுத்தக் கூடாது.

சுவரிலிருந்து இறக்கவே முடியாத பெரிய படத்துக்குச் செல்போன் போதும். நேர்வெயில் படாத ஜன்னல் வெளிச்சம், அணைத்த ஃபிளாஷ், படத்துக்கு நேர் எதிரே சாயாமல் பிடித்த போன். மிக அருகில் போனால் ஓரங்கள் வளையும். சற்றுத் தள்ளி நின்று இரு மடங்கு லென்ஸில் எடுப்பது நல்லது. கண்ணாடியில் எடுப்பவரின் உருவமே தெரிந்தால், நடுவில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, அதில் லென்ஸ் அளவுக்கு ஒரு துளை போட்டு, அதன் வழியாக எடுக்கலாம்.

படத்தின் பின்பக்கம்

தங்கள் படங்களை ஸ்கேன் செய்தவர்களில் பலர் பின்பக்கத்தைத் திருப்பியே பார்ப்பதில்லை. இந்த மாவட்டத்தில் அதுதான் பெரிய இழப்பு.

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு, அப்போதைய பெயரில் சென்னை மாநிலத்தோடு, சேர்ந்தன. அதற்கு முன் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. ஆகவே அக்காலத்துப் படத்தின் முதுகில் மலையாள எழுத்தில் பெயர் இருக்கலாம். ஆண்டு கொல்லம் என்னும் மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கலாம். நிலப் பத்திரங்களில் பார்த்துப் பழகிய அதே கணக்குதான்.

"1115 மீனம்" என்று பென்சிலில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், சிங்கத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. ஆண்டுப் பிறப்பிலிருந்து டிசம்பர் முடியும் வரை 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து 825. மீனம் என்பது பங்குனி, மார்ச் ஏப்ரல். எனவே 1115 மீனம் 1940ஆம் ஆண்டு. எழுதியவருக்கு நாள் மறந்து மாதம் மட்டும் நினைவிருந்தால்கூட, நமக்கு ஒரு படத்தின் வயது மாதக்கணக்கில் கிடைத்துவிடுகிறது. நாலு இலக்க எண்ணைப் பார்த்து ஏதோ பதிவு எண் என்று ஒதுக்கிவிட்டால் அது தொலைந்தது.

எழுத்தே இல்லாவிட்டாலும் சாட்சிகள் உண்டு. ஸ்டுடியோ முத்திரை, வெள்ளை ஓரத்தின் வெட்டு, படத்தின் பின்னணி. கன்னியாகுமரிக் கடற்கரையில் குடும்பமாக நின்று எடுத்த படம் இல்லாத வீடு குறைவு. அதில் கடல் நடுவே பாறை மொட்டையாக இருந்தால், 1970இல் விவேகானந்தர் நினைவு மண்டபம் திறந்ததற்கு முந்தைய படம். மண்டபம் இருந்து, பக்கத்துப் பாறையில் வள்ளுவர் சிலை இல்லை என்றால், சிலை திறந்த 2000 ஜனவரி 1க்கு முன்னது. இதனால்தான் ஸ்கேன் செய்யும்போது ஓரங்களை வெட்டக் கூடாது. ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு பாறையை வெட்டியெறிந்தால், காலத்தைச் சொல்லும் சாட்சியையும் வெட்டியெறிகிறோம்.

பெரிய குழுப் படத்துக்கு ஓர் எளிய முறை. ஸ்கேன் செய்ததைச் சாதாரணத் தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு தலைமேலும் எண் போட்டு, மூத்தவர் முன் வைத்து, அவர் சொல்வதைப் போனில் ஒலிப்பதிவு செய்துகொண்டே எண்ணுக்கு நேராகப் பெயர் எழுத வேண்டும். பெயர் கேட்கப்போய் கதை வரும், அதுவும் பதிவாகட்டும்.

கோப்பு, பெயர், திருத்தம்

மூலக் கோப்பு டிஃப் (TIFF) வகையில் இருக்க வேண்டும். அது எதையும் இழக்காமல் சேமிக்கும். ஜேபெக் (JPEG) சில விவரங்களை விட்டுவிட்டுத்தான் சிறிதாகிறது. திறந்து திருத்தி மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இழக்கும். உறவினர்களுக்கு அனுப்பத் தனியாக ஜேபெக் பிரதி எடுத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மேலும் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

கோப்புப் பெயர், "1972-05_தக்கலை_திருமணம்_014_முன்" என்ற வகையில் இருந்தால் ஆண்டு வரிசையில் தானே அடுக்கிக்கொள்ளும். பின்பக்கத்துக்கு அதே எண், "பின்" என்று முடியும். கோப்பின் உள்விவரத்தில் எடுத்த தேதியையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் பாட்டியின் திருமணம் ஸ்கேன் செய்த தேதியில் நடந்ததாகப் போன் காட்டிக்கொண்டே இருக்கும்.

முகத்தைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றி உறுதியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அவை அழிந்த முகத்தை மீட்பதில்லை. எண்ணற்ற பிற முகங்களிலிருந்து கற்றதைக் கொண்டு, இப்படி இருந்திருக்கலாம் என்று வரைகின்றன. பாம்படம் போட்டுத் தோள்வரை நீண்ட காதை வழக்கமான காதாக்கிவிடலாம். மச்சத்தைத் தூசி என்று துடைத்துவிடலாம். புடவைக்கு இஷ்டப்பட்ட நிறம் கொடுக்கலாம். பார்த்து மகிழ ஒரு பிரதி செய்துகொள்வதில் தவறில்லை. ஆனால் அதன் பெயரிலேயே "செயலி திருத்தியது" என்று இருக்க வேண்டும், மூலம் தனியே இருக்க வேண்டும். அந்தப் பாட்டியை நேரில் பார்த்தவர்கள் இல்லாத காலத்தில், எது அவர் முகம் என்று சொல்ல வேறு வழி இருக்காது.

எங்கே வைப்பது?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி குளச்சலிலும் மணக்குடியிலும் வீடுகளைக் கொண்டுபோனது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் மாவட்டம் முழுவதையும் உலுக்கியது. ஒரே வீட்டில், ஒரே பீரோவில், டிரங்குப் பெட்டியும் ஹார்ட் டிஸ்கும் அருகருகே இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு வகைக் கருவிகளில், ஒன்று வேறு ஊரில்: உலகெங்கும் பின்பற்றும் இந்தக் கணக்கு இங்கே இன்னும் பொருந்தும். ஆயிரம் படங்களின் டிஃப் கோப்புகள் 600 டிபிஐயில் சுமார் 26 ஜிபி. ஒரு பென் டிரைவில் அடங்கும். அதை சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்கும் உறவினரிடம் கொடுத்துவைக்கலாம். இணையச் சேமிப்பு மூன்றாவது. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும்.

ஸ்கேன் முடிந்துவிட்டது என்று மூலப் படங்களை எறியக் கூடாது. நாளைய கருவி இன்றைய கருவியைவிட நன்றாகப் படிக்கும். அமிலம் இல்லாத காகித உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, மூடி இறுகிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு, தரையையும் வெளிச்சுவரையும் ஒட்டாத உள்ளறை அலமாரியில் வைக்க வேண்டும். வெயில் ஏறும் பரணில் மறுபடி ஏற்ற வேண்டாம். உறைகள் ஜூன் மழைக்கு முன் பெட்டிக்குள் போய்விடட்டும். மழைமாதங்களில் மாதம் ஒருமுறை சிலிக்கா ஜெல்லை எடுத்துப் பார்த்து, நிறம் மாறியிருந்தால் உலர்த்தித் திரும்ப வைக்க வேண்டும்.